உன் அப்பாவின் காரை விற்ற விதம்

மகனே,

பம்பாய் வேலை உறுதியாகிவிட்டது என்று நீ எழுதிய கார்டு புதன்கிழமை வந்தது. சித்தப்பா அதை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். உன் சித்தி பாயசம் வைத்தாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இதற்கு மேல் எழுதப் போவது கார்டில் அடங்காது, அதனால்தான் உறையில் வைத்து அனுப்புகிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒன்று கேட்டாய். "அப்பாவோட வண்டிய வித்த பணத்துல ஒரு பங்கை நீயே திருப்பிக் குடுத்துட்டியாமே, சித்தப்பா சொன்னார். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அப்புறம் ஏம்மா?" என்றாய். நான் ரசம் ஊற்றிவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டேன். நீயும் அதற்கப்புறம் கேட்கவில்லை. எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். உன்னைவிடப் பதினாறு வயதுதான் மூத்தவள். நீ வளர வளர நமக்குள் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வருகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. அதனால் உன்னிடம் புத்தி சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உன்னை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனம் இல்லை.

அந்தக் காரை அப்பா வாங்கியபோது உனக்கு மூன்று வயது. திருச்சி கன்டோன்மென்டில் இருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கரும்பச்சை நிறம், துணிக் கூரை, நாலு கதவு. டாக்டர் வண்டி என்றால் ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திருவானைக்காவலில் பிரசவம் என்றால் அதில்தான் போவார், கொள்ளிடக் கரையில் யாருக்கு விஷக்கடி என்றாலும் அதில்தான். யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்கு வழியே இல்லை. வண்டியைப் பின்பக்கச் சந்தில் இருந்த கொட்டகையில் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திவிட்டு ஜட்காவில் போக ஆரம்பித்தார். அது கட்டையின் மேல் இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். நீ அப்போது பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. அதற்கப்புறம் கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை. இருக்கையின் தேங்காய் நாரை எலி இழுத்துக்கொண்டு போனது, கூரைத் துணியில் பூசணம் பிடித்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் சித்தப்பா என்னிடம் வந்து, "மன்னி, புது வண்டி எங்கேயும் கிடைக்கலை. பழசுக்கு இப்போதான் விலை. கொஞ்சம் செப்பனிட்டு வித்தா, இவன் காலேஜ் முடிக்கற வரைக்கும் கையைக் கடிக்காது" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அந்தோணிசாமியைப் பிடித்தோம். பட்டறைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். மாதா கோயிலில் பூசை முடித்துக்கொண்டு, சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். எட்டு மாதம், ஞாயிறுக்கு ஞாயிறு.

நீ அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். இது உனக்குத் தெரிய நியாயமில்லை: அந்த வண்டியைச் செப்பனிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. வண்டியோடு வந்த இங்கிலீஷ் கைப்புத்தகம் அப்பாவின் அலமாரியில் இருந்தது. அந்தோணிசாமிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கொல்லைக் கதவின் உள்பக்கம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் அதைப் படித்துத் தமிழில் சொல்லுவேன். அவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபடி கேட்பார். "அந்த வால்வு சமாசாரத்த இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்பார். சில சமயம் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிடுவார். "புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கும். இரும்பு வேற சொல்லுது." எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். படித்த வரி அடுத்த நிமிஷமே ஒருவர் கையில் வேலையாக மாறுவதை அப்போதுதான் பார்த்தேன்.

ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு சேர்க்கிற இரும்புக் கை ஒன்றில் விரிசல் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். இடது பக்கத்துக் கை. மாற்றுச் சாமான் சென்னையிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. கழற்றி எடுத்துப் போய் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். ராவி, வர்ணம் பூசியபின் ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்கே தெரியவில்லை. நான் கைப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். ஸ்டியரிங்கைச் சேர்ந்த எந்தப் பாகத்தையும் ஒட்டுப்போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவரிடம் சொன்னேன்.

"புத்தகம் எழுதுனவருக்குக் கேட்ட உடனே சாமான் கிடைக்கும்மா. நமக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "டவுனுக்குள்ள மெதுவா ஓட்டுனா ஒண்ணும் பண்ணாது. பாரம் ஏத்திக்கிட்டு மேடு பள்ளத்துல போனா நான் பொறுப்பில்ல. வாங்க வர்றவங்ககிட்ட இத மட்டும் சொல்லிருங்கம்மா. புதுச் சாமான் வந்ததும் மாத்திக்கட்டும்" என்றார். சொல்லிவிடுவதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

வாங்க வந்தவர் மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பவர். சித்தப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர் மூலமாக வந்தார். முதலில் தனியாக வந்து பார்த்துவிட்டு, விலை பேசி முடித்து, பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போக ஒரு நாள் குறிக்கச் சொன்னார். சித்தப்பா பஞ்சாங்கம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சரியில்லை, புதன்கிழமை காலைதான் நன்றாக இருந்தது. புதன்கிழமை என்றால் அந்தோணிசாமி பட்டறையில் இருப்பார், வர முடியாது. முந்தின நாள் நான் சித்தப்பாவிடம் அந்த இரும்புக் கையைப் பற்றி விவரமாகச் சொன்னேன். "நான் சொல்லிடறேன் மன்னி, கவலைப்படாதீங்கோ" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவா குடும்பத்தோட வரா. முதல் முதலா வண்டி எடுத்துண்டு போறா. கிளம்பற வரைக்கும் நீங்க உள்ளேயே இருந்துடுங்கோ. தப்பா நினைச்சுக்கப் படாது" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் எதிரில் என்னைப் போன்றவள் வரக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் அப்பா போன நாளிலிருந்து நானாகவே ஒதுங்கி நின்று பழகிவிட்டேன்.

அவர்கள் இரண்டு மாட்டு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். மில்காரர், அவர் மனைவி, நாலு குழந்தைகள், அவர்களுடைய டிரைவர். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாசலில் பேசுவது அங்கே நன்றாகக் கேட்கும். குழந்தைகள் ஹாரனை அமுக்கி அமுக்கிச் சிரித்தார்கள். மில்காரர், "ஏய், ரப்பரு பிஞ்சிரப் போவுது, விடுங்கடா" என்று அதட்டிவிட்டு, தானும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சாமி, மறைக்காம சொல்லுங்க. வண்டில எதாச்சும் கோளாறு உண்டா?"

சித்தப்பா சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "எங்க அண்ணா வண்டி இது. எத்தனையோ உசிரைக் காப்பாத்தியிருக்கு. ஒரு நாள் நடுவழில நின்னதில்லே" என்றார்.

அவர் மேல் கோபப்படாதே. நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பணத்துக்காக அவர் மறைக்கவில்லை. அண்ணாவின் வண்டியில் குறை என்று நாலு பேர் நடுவில் சொல்வது அவருக்கு அண்ணாவையே குறை சொல்வது போல இருந்திருக்கிறது. வாய் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருந்திருக்கும். எந்த வியாதியையும் அதன் பேரைச் சொல்லித்தான் அவர் மருந்து கொடுப்பார், வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும்.

எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு கூடமும் ஒரு நடையும்தான். அங்கிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை. அப்போது மில்காரரின் மனைவி குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். உன் சித்தி வாசலில் தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு நின்றதால் தண்ணீரை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். என் வெள்ளைப் புடவையைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள். ஆனால் நல்ல மாதிரி, முகத்தைச் சுளிக்கவில்லை. என்னைவிட நாலைந்து வயது சிறியவளாக இருப்பாள். செம்பைத் தூக்கிக் குடித்துவிட்டு, "ஒங்க வண்டிங்களாக்கா? நல்லா வச்சிருக்கீங்க. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல, போங்க" என்று சிரித்தாள். "தொறையூர் தாண்டி பச்சமல அடிவாரத்துலதான் எங்கம்மா வீடு. மாட்டு வண்டில போயிப் போயி இடுப்பு ஒடிஞ்சது போதும். வெள்ளிக்கெழம புள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு எல்லாருமா போறோம்."

வெள்ளிக்கிழமை. நாலு குழந்தைகள், மலையடிவாரத்துப் பாதை. அந்தோணிசாமி எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதையே அவள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நல்ல வேளையில், முதல் முதலாக வண்டி ஏறப்போகிறவளிடம், நான் வாயைத் திறந்து சக்கரம் கழன்றுவிடலாம் என்று சொன்னால் அது எப்படி இருக்கும்? எச்சரிக்கையாகவா கேட்கும்? சாபம் கொடுத்த மாதிரி அல்லவா ஆகிவிடும்? அப்படித்தான் நினைத்தேன். "போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவள் செம்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஹாரன் சத்தம் தெருக் கோடி வரை கேட்டது.

மகனே, இத்தனை படித்தவள் இப்படி நினைத்தாளா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். சகுனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் மற்றவர்கள் நம்புகிறார்களே என்று அடங்கிப்போவது எனக்குச் சுலபமாக இருந்தது. சொல்லக் கஷ்டமான விஷயத்தைச் சொல்லாமல் இருக்க அது ஒரு நல்ல மறைவிடம். உனக்கும் இனிமேல் அப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும். பெரியவர்கள் பேசும்போது பேசக் கூடாது, மேலதிகாரியை மீறக் கூடாது, நல்ல நேரத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஏதாவது ஒன்று. மரியாதை மாதிரியே இருக்கும். பயம் அதற்குள் உட்கார்ந்திருப்பது அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

இப்போதாவது சொல்லி அனுப்பலாமா என்று அன்று மத்தியானம் சித்தப்பாவிடம் கேட்டேன். "இனிமே சொன்னா நாம ஏமாத்தின மாதிரி ஆயிடும் மன்னி. மெதுவாத்தானே ஓட்டுவா" என்றார். ஒரு கார்டில் எழுதித் தபாலில் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதுவதுதான் எனக்குக் கைவந்தது. இரண்டு வரி எழுதியபின்தான் அது வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போய்ச் சேருமா என்று தோன்றியது. சேர்ந்தாலும், மில்லில் அதை யார் எப்போது படிப்பார்கள்? கார்டைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் காலை சித்தியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டோல்கேட் வரை ஜட்கா, அங்கிருந்து பஸ். யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகப் பின்னால் கரி அடுப்புக் கட்டிய பஸ்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தனியாக பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. வராமலே போனால் வீட்டுக்குத் திரும்பிவிடலாமே என்று நான் நினைத்ததையும் உன்னிடம் மறைக்கவில்லை.

மில் களத்தில் புழுங்கல் நெல்லைப் பரப்பி ஆட்கள் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மில்காரர் என்னைப் பார்த்ததில்லை. டாக்டர் வீட்டு அம்மா என்று சொன்னதும் எழுந்து நின்றார். "வாங்கம்மா, உக்காருங்க. பணத்துல ஏதும் வித்தியாசங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வண்டி எங்கே என்று கேட்டேன்.

"வீட்டுல எல்லாரும் சமயபுரம் போயிருக்காங்க. அம்மனுக்கு ஒரு பூச போட்டுட்டு வந்துருவாங்க."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், வெல்டிங், கைப்புத்தகம், அந்தோணிசாமி சொன்னது எல்லாம். ஒன்றும் விடவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஓர் ஆளைக் கூப்பிட்டு, "சைக்கிள எடுத்துக்கிட்டு சமயபுரம் ரோட்டுல போ. வண்டி எதுக்க வந்தா நிறுத்து. புள்ளைங்கள எறக்கி நடக்கச் சொல்லு. வண்டிய மெதுவா உருட்டிக்கிட்டு வரட்டும்" என்றார். அவன் போனபின் என் பக்கம் திரும்பினார். "நேத்து நான் கேட்டனே. வாய் விட்டுக் கேட்டனே. நீங்க உள்ளாரதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கிளம்பற நேரத்துல நான் எதிர்ல வரப்படாதுன்னு நின்னுட்டேன்" என்றேன்.

களத்தில் நெல் தள்ளுகிறவர்களை ஏவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவருடைய அக்காள். அவளும் என்னைப் போலத்தான், வெள்ளைப் புடவை. "நல்ல கூத்தும்மா இது. இந்த மில்லுல தெனமும் மொத அடுப்பப் பத்த வைக்கறதே நான்தான். நான் எதுக்க வந்துதான் இவன் இவ்வளவு சம்பாரிச்சிருக்கான். கேளுங்க இவன" என்றாள். "சும்மா இருக்கா, நீ வேற" என்றார் அவர். "ஏன்டா சும்மா இருக்கணும்? அந்தம்மா பஸ் ஏறி வந்து சொல்லுதுல்ல? ஒன் கூட்டாளி எவனாச்சும் வந்து சொல்லுவானா?" என்று அதட்டிவிட்டு எனக்கு மோர் கொண்டுவரப் போனாள்.

மோரை நான் குடிக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உனக்கு டைபாய்டு வந்து அப்பாவே கையைப் பிசைந்துகொண்டு நின்றாரே, அந்த இரண்டு நாளைத் தவிர வேறு எப்போதும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. கடைசியில் வண்டி நடை வேகத்தில் வந்தது. டிரைவர் மட்டும் உள்ளே. பின்னால் அந்தப் பெண்ணும் குழந்தைகளும் வெயிலில் நடந்து வந்தார்கள். சின்னதை இடுப்பில் வைத்திருந்தாள்.

மில்லில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி வந்து சக்கரத்தைத் தூக்கி அந்தக் கையைக் கழற்றினார். வர்ணத்தைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு ஒரு பிடி அரிசி மாவை எடுத்து அதன்மேல் தூவி ஊதினார். மெல்லிசாக வெள்ளை படிந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மாவு நனைய ஆரம்பித்தது. விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து வந்து தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு போட்டது. கையைச் சுற்றி முக்கால்வாசி தூரம் ஓடியது அந்தக் கோடு. "பழைய விரிசல் இல்லீங்க, புதுசு. இன்னும் எத்தன மைலுக்குத் தாங்கும்னு சொல்ல முடியாது" என்றார் மேஸ்திரி. மில்காரர் அதை வாங்கித் தானே ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

பணத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். வண்டியை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றேன். வேண்டாம் என்றார். வண்டி அவருக்குப் பிடித்திருந்தது. புதுச் சாமான் வரும்வரை கட்டைமேல் ஏற்றி வைத்துக்கொள்வதாகவும், அந்தச் செலவும் அதுவரை ஓட்ட முடியாததற்கு ஒரு பங்கும் நாங்கள் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். நியாயமான பேச்சு. அடுத்த வாரமே கொடுத்தனுப்பினேன். சித்தப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. உன் காலேஜுக்குக் கட்ட வேண்டிய சம்பளத்தில் குறைந்ததை என் வளையல்களை விற்றுச் சரிக்கட்டினேன். அவை சும்மா பெட்டியில் கிடந்தவைதான்.

நீ ஹாஸ்டலிலிருந்து வந்தபோது சித்தப்பா இதைச் சொல்லிவிட்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று முடித்தாராம். நீயும் அதையே என்னிடம் சொன்னாய். உண்மைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி நீ ஒரு தொழிற்சாலையில் நின்று, இது சரியாக இருக்கிறது, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடப் போகிறவன். அதனால் சித்தப்பாவுக்குத் தெரியாத மிச்சத்தையும் உனக்கு எழுதுகிறேன்.

மேஸ்திரி அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது மில்காரரின் மனைவியும் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்தாள். முகத்தில் வெயில் ஏறியிருந்தது, சின்னக் குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து நான் தண்ணி வாங்கிக் குடிச்சேனே. எங்கம்மா வீட்டுக்குப் போறோம்னு சொன்னேனே. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. மற்ற மூன்று குழந்தைகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் வந்ததும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மில்காரர் வாசல்வரை வந்தார், அவர் அக்காள் தெருமுனைவரை வந்தாள். அவர் மனைவி வெளியே வரவில்லை.